ஆறேழு நிமிடம் முன்னால் விடியும் ஊர்

எங்கள் ஆயாவுக்கு 78 வயது. தீர்த்தமலை ஏறியிருக்கிறார், திருவண்ணாமலை தீபத்துக்குப் பலமுறை போயிருக்கிறார், ஒகேனக்கல்லில் எண்ணெய் தேய்த்துக் குளித்திருக்கிறார். கடல் பார்த்தாயிற்றா என்று யாராவது கேட்டால் மட்டும் முகம் சுருங்கிவிடும். "வேன்ல உக்காந்து பார்த்தேன். அதெல்லாம் ஒரு கணக்கா?"

அந்த வேன் பயணத்துக்குத் திட்டம் போட்டது நான்தான். ஐந்து வருடத்துக்கு முன், அதுவும் மே மாதம். அரூரில் விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் பதினொன்றுக்கு மெரினா என்று கணக்குப் போட்டேன். வழியில் டிபனுக்கு ஒரு மணி நேரம், தம்பி பையனுக்கு வாந்தி, பூந்தமல்லி தாண்டியதும் நெரிசல். போய்ச் சேரும்போது மணி ஒன்றரை. மெரினாவில் சாலையிலிருந்து தண்ணீர் வரைக்கும் மணலே ஏறக்குறைய 300 மீட்டர் இருக்கும். வெறுங்காலை வைத்தால் தோசைக்கல். ஆயா பத்தடி நடந்தார், திரும்பினார், வேனில் ஏறிக் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்துகொண்டார். அங்கிருந்து அவருக்குத் தெரிந்தது ஒரு நீலக் கோடு.

அதனால் இந்த முறை திட்டத்தைப் பின்பக்கத்திலிருந்து போட்டேன். எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று பார்க்கவில்லை. எத்தனை மணிக்குக் கடலோரம் நிற்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்தேன். சென்னைக் கடல் கிழக்கே இருக்கிறது. சூரியன் தண்ணீரிலிருந்து மேலே வருவதைப் பார்க்கலாம், உள்ளே இறங்குவதைப் பார்க்க முடியாது. காலையில் மணல் குளிர்ந்திருக்கும், காற்றும் அடங்கியிருக்கும். எட்டரை மணிக்கு மேல் அங்கே நமக்கு வேலை இல்லை. நம் ஊரை விடச் சென்னை கிழக்கே தள்ளி இருப்பதால் சூரியனும் அங்கே ஆறேழு நிமிடம் போல முன்னால் உதிக்கிறது. பிப்ரவரி நடுவில் ஆறரை மணியை ஒட்டி. ஆக ஆறு மணிக்கு ஆயா மணலில் உட்கார்ந்திருக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்கு ஏற்ற மாதிரி.

ஏன் பிப்ரவரி? மே மாதத்தின் பெயரையே வீட்டில் எடுக்க முடியாது. ஐப்பசி கார்த்திகையில் மழை. ஜனவரியில் காணும் பொங்கல் கூட்டம் என்றால் கடற்கரையில் தலைதான் தெரியும், தண்ணீர் தெரியாது. மாசி மகத்தன்று போனால் புண்ணியம் என்று அம்மா சொல்லிப் பார்த்தார். புண்ணியம் தேடி ஊரே அங்கே வரும், ஆயாவைக் கையில் பிடித்துக்கொண்டு என்னால் தள்ளுமுள்ளில் நிற்க முடியாது என்றேன். அப்புறம் அம்மா பேசவில்லை. அதாவது, இரண்டு நாள் பேசவில்லை.

இடம் திருவான்மியூர். மெரினா வேண்டாம் என்பதற்குக் காரணம் சொல்லியாயிற்று. திருவான்மியூரில் மணல் அகலம் குறைவு. வால்மீகி நகர்த் தெருக்கள் நேராகக் கடலில் போய் முட்டும், ஆட்டோ கிட்டத்தட்ட மணல் வரைக்கும் வரும். காலையில் வாக்கிங் போகிறவர்கள்தான் அதிகம். இன்னொரு காரணம் மருந்தீஸ்வரர் கோயில். சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம், அகத்தியருக்கு மருந்துகளைப் பற்றி சிவன் உபதேசித்த இடம் என்பது ஐதீகம். முட்டி வலிக்காரர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? மூலவர் மேற்குப் பார்த்து இருக்கிறார் என்றதும் ஆயா, "கடலுக்கு முதுகு காட்டிக்கிட்டா?" என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை.

சரி, போவது எப்படி? எங்கள் பக்கத்துக்கு மொரப்பூர்தான் ரயில் நிலையம். அங்கிருந்து சென்ட்ரல் கிட்டத்தட்ட 275 கிலோமீட்டர். ஈரோட்டிலிருந்து வரும் ஏற்காடு எக்ஸ்பிரஸை இரவில் பிடித்தால் விடியும் முன்பே சென்ட்ரல். சனிக்கிழமை இரவு ஜெராக்ஸ் கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பினால் ஞாயிறு முழுதும் கையில் இருக்கும். திரும்புவதற்கு மதிய ரயில், இரவு வீடு.

டிக்கெட் எடுப்பதில்தான் ஒரு வித்தை இருக்கிறது, கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் ஆறு பேர்: ஆயா, அம்மா, நான், தம்பி, அவன் பையன்கள் இரண்டு பேர். ஆறு பேரையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் ஆயாவுக்கு மேல் பெர்த் விழுந்தாலும் விழும். முதியோருக்கும் 45 வயதைத் தாண்டிய பெண்களுக்கும் கீழ் பெர்த்துக்குத் தனி ஒதுக்கீடு உண்டு, ஆனால் ஒரு டிக்கெட்டில் இரண்டு பேருக்கு மேல் இருந்தால் அது கிடைக்காது. எனவே ஆயாவையும் அம்மாவையும் தனி டிக்கெட்டாகப் போட்டேன். இரண்டும் லோயர். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது, அன்று காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன். முதியோருக்கு இருந்த கட்டணச் சலுகை 2020-இல் போனது போனதுதான். ஆயாவுக்கும் முழுக் கட்டணம்.

சென்ட்ரலில் இறங்கி, காத்திருப்பு அறையில் பல் தேய்த்து முகம் கழுவி, எதிரே பார்க் டவுனில் பறக்கும் ரயில். பெண்கள் பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போகும்போது கழிப்பறை எங்கே என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். தம்பி போட்ட திட்டங்களில் அது வந்ததே இல்லை. பறக்கும் ரயில் பாதி தூரம் பக்கிங்காம் கால்வாய் ஓரமாகவே தூண் மேல் போகும். சேப்பாக்கம், மயிலாப்பூர், அடையாறு ஆற்றைத் தாண்டிக் கோட்டூர்புரம், அப்புறம் திருவான்மியூர். ஸ்டேஷனிலிருந்து கடலுக்கு இரண்டு கிலோமீட்டர் போல, ஆட்டோ.

எனக்கு ஆயாவைப் பற்றிப் பயம் இல்லை. கணுக்கால் நனைந்தால் அவருக்குப் போதும். பயமெல்லாம் பையன்கள் மேல்தான். பெரியவனுக்கு 13, சின்னவனுக்கு 11. எங்கள் கிணற்றில் படி மேலிருந்து குதித்து, அடியில் மண் அள்ளி வருகிற ஜாதி. "கிணறே அறுபது அடி, கடல்ல ஓரத்துல என்னா இருக்கு?" என்கிறான் பெரியவன். கிணற்றுத் தண்ணீர் உன்னை இழுக்காது, கடல் இழுக்கும் என்று சொன்னால் சிரிக்கிறான். ஒரு நாள் கடையில் வெள்ளைத்தாளை எடுத்துப் படம் போட்டுக் காட்டினேன். கரைக்கு வந்த தண்ணீர் எப்படியும் திரும்பிப் போக வேண்டும். அது ஓர் இடமாகப் பார்த்து ஆறு மாதிரி உள்ளே ஓடும். இதில் மோசம் என்னவென்றால், அந்த இடத்தில் அலை உடையாது. பார்க்க அமைதியாக இருக்கும், இறங்க நல்ல இடம் என்று நினைப்போம். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடக் கூடாது, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். பெரியவன் கொஞ்ச நேரம் தாளையே பார்த்தான். சின்னவன் அதன் பின்பக்கத்தில் சுறா வரைந்துவிட்டான்.

அதனால் திட்டத்தில் ஒரு நிறுத்தம் கூட்டியிருக்கிறேன். கோயில் முடிந்ததும் பெசன்ட் நகர். அங்கே எலியட்ஸ் கடற்கரை மணலில் ஒரு வெள்ளை வளைவு நிற்கிறது. கார்ல் ஷ்மிட் என்ற வெளிநாட்டு மாலுமியின் நினைவுச் சின்னம். 1930-இல் கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய்த் தானே மூழ்கிப்போனவர். கப்பல்காரனுக்கே அந்தக் கதி என்றால், கிணற்று நீச்சல்காரர்கள் முழங்காலுக்கு மேல் இறங்க வேண்டியதில்லை. வளைவின் கீழே நிறுத்தி இதைச் சொல்லப் போகிறேன். அதுவரைக்கும் கையை விடமாட்டேன்.

இன்னொரு சின்ன ஆசை. ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் அந்தக் கரையில் ஏறி முட்டையிடும். மாணவர்களும் தன்னார்வலர்களும் ராத்திரி நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடந்தே முட்டைகளைத் தேடி எடுத்துப் பத்திரப்படுத்துகிறார்கள். ஆமை கிடைக்காவிட்டாலும் விடியும்போது மணலில் அது ஊர்ந்த தடமாவது கண்ணில் பட்டால் சின்னவனுக்குக் காட்டலாம்.

சாப்பாடு அம்மா பொறுப்பு. எங்கள் ஊர்ப் புளியில் செய்த புளிசோறு, வறுத்த வேர்க்கடலை, எள்ளுருண்டை. களி உருண்டை கட்டிக்கொள்ளலாமா என்று பேச்சு வந்தது, காரக் குழம்பை ரயிலில் யார் கொட்டுவது என்று நிறுத்திவிட்டேன். கால் கழுவ ஐந்து லிட்டர் கேன் ஒன்று, காலியாக. ஆயாவுக்கு மாற்றுப் புடவை ஒன்று, ஈரம் வைக்க பிளாஸ்டிக் பை இரண்டு.

போன வாரம் அரூர் கடைவீதியில் ஆயாவுக்குப் புதுச் செருப்பு வாங்கினோம், பட்டை வைத்தது, நடந்தால் வழுக்காதது. அதை இன்னும் போடவில்லை, பெட்டியோடு கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. ரயில், ஆட்டோ, கோயில், ஷ்மிட், ஆமை எல்லாம் நேற்று வரிசையாகச் சொல்லி முடித்தேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தண்ணில எறங்கறப்ப செருப்பை யாரு பாத்துக்குவா?"