பரங்கிமலைப் படிகளில் ஒரு மாலை

சென்னையின் தெற்குப் புறநகரான பரங்கிமலையின் உச்சியில் 1523ஆம் ஆண்டு போர்ச்சுகீசியர் எழுப்பிய மாதா கோயிலை வெறும் 'பரங்கியர் கோயில்' என்று சொல்லிக் கடந்துவிட என்னால் முடிவதில்லை. 1547இல் இங்கு கண்டெடுக்கப்பட்டு இன்று பீடத்தில் பதிந்திருக்கும் கற்சிலுவையை நெருங்கிப் பார்த்தால், மேலே ஒரு புறா இறங்க, அதைச் சுற்றிய வளைவில் பாரசீகத்தின் பழைய பஹ்லவி எழுத்துகள் ஓடுகின்றன. அதாவது போர்ச்சுகீசியக் கப்பல்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இக்கரையில் பாரசீகத் தொடர்புள்ள கிறித்தவர்கள் வழிபட்டிருக்கிறார்கள்.

மலையேற நாம் மிதிக்கும் படிகளோ ஆர்மேனிய வணிகர் கோஜா பெத்ருஸ் உஸ்கான் தம் சொந்தப் பணத்தில் கட்டுவித்தவை. யாத்திரிகர்கள் அடையாற்றைக் கடப்பதற்காக 1726இல் சைதாப்பேட்டையில் பாலம் அமைத்தவரும் அவரே. (அந்தப் பாலம் போய்விட்டது, அவருடைய கல்வெட்டு மட்டும் போக்குவரத்து இரைச்சலுக்கு நடுவே நிற்கிறது, நின்று படிப்பவர்தாம் அரிது.)

பின்னர் ஆங்கிலேயரின் பீரங்கிப் படை அடிவாரத்தில் தங்கியது; ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வேரூன்றின. நேற்று அந்தப் படியொன்றில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தபோது, ஒரு பாட்டி தமிழில் செபமாலை சொல்லிக்கொண்டே என்னைக் கடந்து ஏறினார்.