கையுறை வளையம்

பதிப்புக்கு வந்த ஒரு நாவல் பிரதியில், பன்னிரண்டாம் அத்தியாயத்தின் ஓரத்தில் நான் எழுதியது ஒரே வரி: "இவர்களைத் தடுப்பது எது?" பதிப்பாசிரியர் வேலையில் இதைவிடச் சாதாரணமான கேள்வி கிடையாது. ஒருவன் ஒன்றைச் செய்தால் ஏன் செய்தான் என்று கேட்போம். செய்யாமல் இருந்தால் ஏன் செய்யவில்லை என்று கேட்போம். சம்பளமே அதற்குத்தான். ஆனாலும் அந்த வரிக்கு வந்த பதில் என்னை இன்னும் விட்டபாடில்லை.

கதை இதுதான். செவ்வாயைச் சுற்றிவரும் ஒரு நிலையம், இரண்டு ஆண்கள். ஒருவன் வெளியே போய்ப் பழுது பார்க்கிறவன், மற்றவன் உள்ளிருந்து அவனை அனுப்பிவைக்கிறவன். வெளியே கிளம்பும் ஒவ்வொரு முறையும் விண்ணுடையின் கையுறை மணிக்கட்டு வளையத்தில் சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று உள்ளே இருப்பவன் பார்க்க வேண்டும். வளையத்தைத் திருப்ப வேண்டும், 'டக்' என்ற சத்தம் வர வேண்டும், ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். முதலில் அது வெறும் விதிமுறை. நான்காம் அத்தியாயத்தில் இழுத்துப் பார்த்த வளையத்தையே இன்னொரு தரம் இழுத்துப் பார்க்கிறான். ஏழாவதில் சத்தம் வந்த பிறகும் விரல்கள் வளையத்தை விட்டு நகரவில்லை. கிளம்ப வேண்டியவன் "முடிந்ததா?" என்று கேட்கவும் இல்லை. அவ்வளவுதான், அடுத்த வரியில் கதவு திறந்துவிடுகிறது. அந்த இடத்தில் நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பிறகு ஏன் அந்தக் கேள்வி? அந்த உலகத்தில் அவர்களுக்கு எந்தத் தடையும் இல்லை. நிலையத் தலைவரும் ஆண்தான், தன் கணவருக்கு மாலைதோறும் செய்தி அனுப்புகிறார். யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சட்டம் இல்லை, ஊர்ப்பேச்சு இல்லை, வீட்டார் இல்லை. அப்படியிருக்க இருவரும் பன்னிரண்டு அத்தியாயம் வாய் திறக்காமல் இருக்கிறார்கள்.

அன்று மாலையே நாவலை எழுதியவர் தொலைபேசியில் அழைத்தார்.

"சார், போன வருடம் நீங்கள் கொண்டுவந்த நாவலில் அவனும் அவளும் இருநூறு பக்கத்துக்கு மனதில் இருப்பதைச் சொல்லிக்கொள்ளவே இல்லை. அங்கே இந்தக் கேள்வியைக் கேட்டீர்களா?"

"அங்கே குடும்பப் பகை இருந்தது" என்றேன்.

"பகை நூறாம் பக்கத்திலேயே தீர்ந்துவிட்டதே, சார்."

தீர்ந்துதான் இருந்தது. நான் பேச்சை மாற்றினேன்.

என் பக்கத்து நியாயம் வலுவானது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். மெல்லக் கனியும் காதலுக்கு, வாசகர்கள் ஸ்லோ பர்ன் என்று சொல்வதற்கு, ஓர் அணை வேண்டும். நீர் தேங்கினால்தான் மட்டம் உயரும். தியோடர் ஸ்டர்ஜன் 1953இல் எழுதிய ஒரு சிறுகதையில் விண்கலத்தை ஓட்டுகிறவர்கள் இரண்டே ஆண்கள். ஒருவன் தன் தலைவனை நேசிக்கிறான், கடைசிவரை சொல்வதில்லை. ஏன் சொல்லவில்லை என்று 1953இன் வாசகர் யாரும் கேட்டிருக்க மாட்டார். விடையைத் தன் காலத்திலிருந்து அவரே கொண்டுவந்திருப்பார். அந்த அணையை இடித்துவிட்ட எதிர்காலத்தைப் படைக்கிறவர் வேறோர் அணையைத் தானே கட்டித்தர வேண்டாமா? அறிவியல் புனைகதையில் அதற்குப் பொருளா இல்லை? பூமியிலிருந்து செவ்வாய்க்கு ஒரு சொல் போய்ச்சேரக் கோள்களின் இருப்பைப் பொறுத்து 3 முதல் 22 நிமிடம் வரை ஆகும். கேட்டுவிட்டுப் பதிலுக்கு முக்கால் மணி நேரம்கூடக் காத்திருக்க நேரலாம். சொன்னதைத் திரும்பப் பெற முடியாத அந்த முக்கால் மணி நேரத்தில் ஒரு நாவலே எழுதலாம்.

அதைத்தான் அவரிடம் சொன்னேன். ஒருவனைப் பூமிக்கு அனுப்பிவிடுங்கள், பாதிக் கதை செய்திகளில் நடக்கட்டும் என்றேன்.

"தூரத்தை வைத்தால் அது தூரத்தைப் பற்றிய கதையாகிவிடும், சார். இவர்கள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறார்கள். அதுதான் இவர்களுக்குக் கஷ்டம்."

இதற்கு அப்போதும் என்னிடம் பதில் இல்லை, இப்போதும் இல்லை. பதில் இல்லாததாலேயே அவர் சொன்னது சரியாகிவிடுமா என்றும் தெரியவில்லை.

புதிதாக எழுத வருகிறவர்களுக்கெல்லாம் நான் படிக்கச் சொல்லும் நாவல் உர்சுலா லெ குவின் 1969இல் எழுதியது. பனிப் பாலைவனத்தில் ஒரே கூடாரத்தில் இருவர். ஈர்ப்பு இருக்கிறது, அது இருவருக்கும் தெரிகிறது, அதைப் பற்றிப் பேசவும் செய்கிறார்கள். தொடுவதில்லை. (அந்த இருவரில் ஒருவர் ஆணும் அல்ல, பெண்ணும் அல்ல, அதனால் அது தன்பால் காதல் கதையே அல்ல என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அந்தச் சண்டைக்குள் நான் போவதாக இல்லை.) ஏன் தொடவில்லை என்பதற்குக் கதைசொல்லி ஒரு காரணம் சொல்கிறான். சொன்ன கையோடு, நாங்கள் செய்தது சரிதானா என்று தனக்கே தெரியாது என்கிறான். அந்தப் பக்கத்தை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். பென்சிலை எடுக்கத் தோன்றியதே இல்லை. அச்சான புத்தகம் என்பதாலா, பெரிய எழுத்தாளர் என்பதாலா?

இன்னொரு நியாயமும் உண்டு, இதை நான் லேசில் விட்டுத்தர மாட்டேன். இந்தக் கதைகளின் வாசகர்கள் மிக நீண்டகாலம் காக்கவைக்கப்பட்டவர்கள். 1966 முதல் 1969 வரை ஒளிபரப்பான ஸ்டார் டிரெக் என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடரில் கேப்டன் கிர்க்குக்கும் அவருடைய துணை அதிகாரி ஸ்பாக்குக்கும் இடையில் திரை சொல்லாமல் விட்ட காதலை, 1974 முதல் ரசிகர்கள், பெரும்பாலும் பெண்கள், தாங்களே அச்சடித்த இதழ்களில் எழுதத் தொடங்கினார்கள். கோடிகாட்டிவிட்டு நழுவும் கதைகளைப் பார்த்துப் பார்த்து அலுத்தவர்கள் இவர்கள். பன்னிரண்டு அத்தியாய மௌனத்தை நிதானம் என்று எடுத்துக்கொள்வார்களா, எழுதியவரின் பயம் என்று எடுத்துக்கொள்வார்களா? அவர்கள் சார்பில்தானே கேட்டேன்?

கேட்டேன்தான். ஆனால் இந்த வாதம் எனக்குத் தோன்றியது தொலைபேசியை வைத்த பிறகு.

கடைசியில் ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு பத்தி சேர்த்து அனுப்பினார். உள்ளே இருப்பவன் பழைய வேலையில் வேறொருவனை நேசித்தவன். அவன் வெளியே போய்த் திரும்பவில்லை. அன்று கையுறையைச் சரிபார்த்தது இவன்தான். மின்னஞ்சலில் ஒரு வரி: "நீங்கள் கேட்ட காரணம்." பத்தி நன்றாக இருந்தது. ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. புத்தகம் வந்த பிறகு என்னிடம் பேசிய பலரும் அந்தப் பத்தியைத்தான் குறிப்பிட்டார்கள்.

அச்சுக்குப் போகுமுன் கடைசி மெய்ப்பைப் பார்த்தபோது ஏழாம் அத்தியாயத்தில் நின்றுவிட்டேன். அங்கே ஓர் எழுத்துகூட மாறவில்லை. வளையம் பூட்டிய பிறகும் விரல்கள் அதே இடத்தில் இருந்தன. இப்போது ஏன் என்று எனக்குத் தெரியும்: இவனையும் இழந்துவிடுவோமோ என்ற அச்சம். முதல் பிரதியில் அந்த விரல்களுக்கு எந்த வேலையும் இருக்கவில்லை, விட மனமில்லாமல் இருந்தன. துக்கம் ஒரு நல்ல அணை என்பது தொழில் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். இரண்டு ஆண்கள் காதலிக்கிறார்கள் என்றால் யாராவது ஒருவன் செத்திருக்க வேண்டும் என்ற பழைய வழக்கமும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் சாவைக் கேட்கவில்லை, காரணத்தைக் கேட்டேன். காரணம் என்று கேட்டால் கைக்குச் சட்டென்று கிடைப்பது எது என்பதை அவரைவிட நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஆனால் பத்தி நன்றாக இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் புத்தகம் இவ்வளவு பேரை எட்டியிருக்குமா என்று கேட்டால், எட்டியிருக்காது என்பேன்.

அவருடைய அடுத்த பிரதி போன வாரம் வந்தது. இதுவும் விண்கலம், இதுவும் இரண்டு ஆண்கள். முதல் பக்கத்திலேயே அவர்களுக்குத் திருமணமாகிப் பல வருடம் ஆகிவிட்டது. காலையில் யார் வடிகட்டியை மாற்றுவது என்று சண்டை போடுகிறார்கள். அவர் எழுத விரும்பியதே இதுதானா, எனக்குச் சொல்லும் பதிலா என்று கேட்கவில்லை. முன்னதைவிடச் சற்று மந்தமாகத்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் கருத்து அனுப்ப வேண்டும். இரண்டாம் அத்தியாயம் நீளம் என்று மட்டும் இப்போதைக்குக் குறித்திருக்கிறேன்.