தேக்கு மச்சு: தேய்ந்த பலகைத் தரைக்கு எண்ணெய் ஏற்றிய அனுபவம்

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரில் மச்சு வைத்த ஓட்டு வீடுகள் இன்னும் சில நிற்கின்றன. கீழே ரேழி, முற்றம், கூடம். கூடத்துக்கு மேலே தேக்குப் பலகை பாவிய ஓர் அறை. எங்கள் மச்சில் விதைநெல் மூட்டையும் பித்தளை அண்டாவும் இழுத்து இழுத்துப் பலகை தேய்ந்திருந்தது. படியேறி வருகிற இடத்திலும், சன்னலுக்குப் போகிற வழியிலும் கால் பட்டுப் பட்டுக் குழிவு. சுவரோரம் யாரோ ஒரு காலத்தில் அடித்த சிவப்பு பெயிண்ட். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியபோது ஓடு பறந்து, வடகோடியில் மழை நேராகப் பலகை மேல் இறங்கியது. அந்த இடம் முழுக்க ஆணியைச் சுற்றிக் கறுப்புக் கறை.

சிலர் டைல்ஸ் ஒட்டச் சொன்னார்கள். மர உத்திரத்தின் மேல் சிமென்ட் கலவையையும் டைல்ஸையும் ஏற்றினால் அந்த எடையை யார் தாங்குவது? நானே செய்து பார்க்கலாம் என்று இறங்கினேன்.

முதல் வேலை பலகையின் கனத்தைப் பார்ப்பது. படி திறப்பின் விளிம்பில் பலகையின் வெட்டுமுகம் தெரியும். சுவரோரம் ஓர் அங்குலம், தச்சுக் கணக்கில் எட்டு நூல். நடந்து தேய்ந்த இடத்தில் ஆறரை நூல். நாக்கும் காடியும் போட்டுக் கோத்த பலகை இது, அதாவது ஒன்றின் விளிம்பில் நீட்டிய நாக்கு அடுத்ததன் விளிம்பிலுள்ள காடி என்ற பள்ளத்துக்குள் உட்காரும். காடிக்கு மேலே முதலில் மூன்று நூல் மரம் இருந்திருக்கிறது, குழிவில் இப்போது பாதிதான் மிச்சம். எங்கள் ஊர் ஆசாரி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "மெஷினைப் போட்டு மட்டம் பண்ணணும்னா மத்த எடமெல்லாம் ஒன்றரை நூல் எறங்கணும் தம்பி. ஆணித்தல வெளிய வந்துடும். குழி இருந்துட்டுப் போவட்டும், அழுக்க மட்டும் எடுங்க."

இந்த வேலையில் நான் நம்புகிற விஷயமும் அதுதான். பழைய பலகைத் தரையில் காடிக்கு மேலே இருக்கிற அந்த இரண்டு மூன்று நூல் மரம்தான் மொத்தச் சொத்து. ஒவ்வொரு தடவை தேய்க்கும்போதும் அதிலிருந்துதான் செலவு செய்கிறோம். அதனால் குறைவாக எடுக்கிற முறையையும், அடுத்த முறை தேய்க்காமலே பழுது பார்க்க முடிகிற பூச்சையும் தேர்ந்தெடுக்க வேண்டும். கீழே எழுதியிருப்பதெல்லாம் இந்த இரண்டையும் வைத்து எடுத்த முடிவுகள்.

நேரம் பார்ப்பது டெல்டாவில் பெரிய விஷயம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மரம் ஈரத்தைக் குடித்துப் பூரித்திருக்கும், எதுவும் காயாது. தை, மாசியில் சம்பா அறுவடை: மெஷின் ஓடுகிற வயல் பக்கத்தில் இருந்தால் வைக்கோல் தூசும் பதரும் ஈரப் பூச்சில் வந்து உட்காரும். அதனால் மாசி கடைசியில் சுரண்ட ஆரம்பித்து, பங்குனியில் எண்ணெய் என்று திட்டம். கதிர் நிற்கிற காலத்தில் சாயங்காலம் விளக்கைப் போட்டால் வருகிற பச்சைத் தத்துப்பூச்சித் தொல்லையும் பங்குனியில் குறைவு. இருந்தாலும் பூச்சு ஈரமாக இருந்த ராத்திரிகளில் மச்சில் விளக்கே போடவில்லை.

பழைய பூச்சு என்ன என்று தெரியாமல் எதையும் தடவக் கூடாது. சுவரோரம் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டுத் தொட்டுப் பார்த்தேன், பிசுபிசுத்தது. அப்படியென்றால் அரக்குப் பாலிஷ். நடு அறையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உடனே உள்ளே போனது, அங்கே மேல்பூச்சு என்று எதுவுமே மிச்சமில்லை. சிவப்பு பெயிண்டைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. நம் நாட்டில் வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில். அதற்கு முந்தைய எந்த பெயிண்டிலும் ஈயம் இருக்கலாம் என்று எடுத்துக்கொள்வதே நல்லது. அதை உலர்வாக உப்புத்தாளால் தேய்த்தால் ஈயத் தூசு வீடு முழுக்கப் பரவும், குழந்தைகளுக்கு ஆகவே ஆகாது. தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, ரிமூவர் தடவி, சுரண்டியதை எல்லாம் ஈரத்தோடேயே பிளாஸ்டிக் பையில் கட்டினேன். பேரப்பிள்ளைகள் யாரும் மச்சுக்கு வராமல் அம்மா படிக்கதவைப் பூட்டிச் சாவியை முடிந்து வைத்துக்கொண்டாள்.

அப்புறம் ஆணி. எழும்பி நின்ற ஆணித்தலைகளைப் பஞ்ச் வைத்துத் தட்டி உள்ளே இறக்கினேன். இதைச் செய்யாமல் சுரண்டினால் தகடும் உப்புத்தாளும் கிழிந்துகொண்டே இருக்கும். நடக்கும்போது கிறீச்சென்ற பலகைகளில், ஆணி தளர்ந்து பலகை மேலும் கீழும் ஆடுவதுதான் காரணம். அங்கே முன்கூட்டியே துளை போட்டு, சோப்புத் தடவிய பித்தளை ஸ்குருவைச் சட்டத்தில் இறங்கும்படி முடுக்கியதும் சத்தம் அடங்கியது. தேக்கில் துளை போடாமல் ஸ்குரு முடுக்கினால் பலகை விளிம்பில் பிளக்கும்.

வடகோடியில் ஒரு பலகையின் வெளிறுப் பக்கம், அதாவது மரத்தின் வெளிவட்டத்து மென்மையான பகுதி, உளுத்திருந்தது. வைரம் பாய்ந்த உட்பகுதியை வண்டு தொடவில்லை. தேக்கின் வைரத்தில் இருக்கிற டெக்டோகுவினோன் போன்ற பொருள்கள் கறையானையும் எட்டி வைக்கும், வெளிறுக்கு அந்தக் காப்பு இல்லை. அந்தப் பட்டையை அறுத்தெடுத்து, இடித்த வீட்டு மரம் விற்கிற கடையில் கிடைத்த பழைய தேக்குத் துண்டை ஆசாரி ஒட்டிக் கொடுத்தார். சுற்றியிருந்த பலகைகளில் வண்டு ஏறாமலிருக்கப் போரிக் அமிலமும் வெங்காரமும் வெந்நீரில் கரைத்துத் தடவினேன். எண்ணெய் ஏறிவிட்டால் இந்தக் கரைசல் மரத்துக்குள் போகாது, அதனால் வெறும் மரத்திலேயே முடித்துவிட வேண்டும்.

சுரண்டுவதுதான் இந்த வேலையின் ருசியான பகுதி. ஆசாரிகள் உடைந்த கண்ணாடிச் சில்லை வைத்துச் சுரண்டுவார்கள். நான் விளிம்பு மடித்த ஸ்கிரேப்பர் தகட்டை வைத்துக்கொண்டேன். தகட்டைக் கொஞ்சம் வளைத்துப் பிடித்து, மரத்தின் ரேகையோடு தன் பக்கம் இழுத்தால் காகிதத்தை விட மெல்லிய சுருள் வரும். தூளாக வந்தால் விளிம்பு மழுங்கிவிட்டது என்று அர்த்தம். அரத்தில் தீட்டி மறுபடி விளிம்பை மடிக்க வேண்டும். குழிவுகளுக்குள்ளும் தகடு வளைந்து போகும், மெஷினுக்கு அது வராது. கறுத்த அழுக்குக்கு அடியில் பொன்னிறத்தில் தேக்கு வெளியே வந்தபோது, அந்த வாசனைக்காகவே இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து சுரண்டலாம் போல இருந்தது. அதற்குப் பிறகு உப்புத்தாள்: 80-ஆம் நம்பர், அடுத்து அதைவிட நைசான 120. அங்கேயே நிறுத்திக்கொண்டேன். தரையை அதற்கு மேல் வழவழப்பாக்கினால் எண்ணெய் உள்ளே இறங்குவது குறையும், காலும் வழுக்கும். ஒரு நம்பர் முடிந்ததும் டார்ச்சைத் தரையோடு படுக்க வைத்து அடித்துப் பாருங்கள். குறுக்குக் கீறல் இருந்தால் அப்போதே தெரியும். எண்ணெய் பட்ட பிறகு தெரிந்து பயனில்லை.

தேக்குத் தூசு சிலருக்குத் தோலில் அரிப்பும் மூக்கில் ஒவ்வாமையும் கொடுக்கும். மரத்தூசைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு எப்போதோ சேர்த்துவிட்டது. துண்டைக் கட்டிக்கொண்டு தேய்ப்பது போதாது, என்95 முகக்கவசம் போட்டே ஆக வேண்டும்.

கறுப்புக் கறைக்கு வருவோம். ஆணியின் இரும்பும் மரத்தின் துவர்ப்புச் சத்தான டானினும் ஈரத்தில் சேர்ந்தால் கறுப்பாகும். சுரண்டினால் போகாது, ஆழமாக இறங்கியிருக்கும். ஆக்சாலிக் அமிலத் தூளை வெந்நீரில் கரைத்துத் தூரிகையால் தடவிவிட்டு விட்டால், காயக் காயக் கறுப்பு சாம்பலாகி, வெளுத்து மறைகிறது. இது விஷம், கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடக் கூடாது. காய்ந்ததும் நல்ல தண்ணீரில் துணியை முக்கிப் பல தடவை துடைத்தெடுத்துவிட வேண்டும். மிச்சம் இருந்தால் தேய்க்கும்போது தூளாகப் பறந்து மூக்கை எரிக்கும்.

பலகைகளுக்கு நடுவே இருந்த இடைவெளிகளை அடைக்கவில்லை. மரம் நீளவாட்டில் ஏறக்குறைய அசையாது, அகலவாட்டில்தான் ஈரத்துக்குப் பூரித்து வெயிலுக்குச் சுருங்கும். சித்திரையில் ஒரு நூல் இருக்கிற சந்து கார்த்திகையில் மூடிக்கொள்ளும். அதில் மரத்தூளும் ஃபெவிகாலும் குழைத்து அடைத்தால், பூரிக்கிற பலகைக்கு இடமில்லாமல் போய் நடுவில் மேலே தூக்கும், அல்லது அடைத்தது நொறுங்கிக் கூடத்தில் கொட்டும்.

பூச்சுக்கு மூன்று வழி யோசித்தேன். அரக்குப் பாலிஷ் அழகு, ஆனால் தண்ணீர் பட்டால் வெள்ளை படரும், மூட்டை இழுத்தால் கீறும். பாலியூரிதேன் கடினமான படலம். ஒரு இடத்தில் உரிந்தால் அங்கே மட்டும் தடவிச் சரிசெய்ய முடியாது, முழு அறையையும் மறுபடி தேய்க்க வேண்டும். மச்சுப் பலகைக்கு அடிப்பக்கம் திறந்தே கிடக்கிறது, கூடத்து ஈரம் கீழிருந்து ஏறிக்கொண்டே இருக்கும் என்பதால் படலத்தை நான் நம்பவில்லை. மூன்றாவது, கொதிக்கவைத்த ஆளிவிதை எண்ணெய், கடையில் டபுள் பாய்ல்டு லின்சீட் என்று கேட்டால் கிடைப்பது. தேய்ந்த இடத்தில் துடைத்துவிட்டு மேலே தடவிக்கொள்ளலாம். என் ஓட்டு அதற்குத்தான்.

தேக்கின் இயற்கை எண்ணெய்ப் பசை பூச்சு காய்வதைத் தாமதப்படுத்தும். அதனால் தடவுவதற்குக் கொஞ்சம் முன்னால் தின்னர் நனைத்த துணியால் ஒரு துடைப்பு. முதல் பூச்சில் எண்ணெயும் டர்பன்டைனும் பாதிக்குப் பாதி. அடுத்த பூச்சுகளில் டர்பன்டைனைக் குறைத்துக்கொண்டே போனேன். தடவி கால் மணி, இருபது நிமிஷம் ஊறவிட்டு, மேலே நிற்கிற எண்ணெயை ஒரு சொட்டு விடாமல் துடைத்துவிட வேண்டும். நின்றால் பிசுக்காகும், நம் ஊர் ஈரத்தில் அதன் மேல் பூஞ்சணம் பிடிக்கும். மேலே தேன்மெழுகு போடவில்லை. ஓட்டுக்கு அடியில் சித்திரைச் சூட்டில் மெழுகு இளகிக் காலில் ஒட்டும்.

துடைத்த துணிகளைப் பற்றி அழுத்திச் சொல்கிறேன். ஆளிவிதை எண்ணெய் காய்வது என்பதே காற்றோடு சேர்ந்து வினைபுரிவதுதான், அதில் சூடு பிறக்கும். துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். ஓட்டு வீட்டில், வைக்கோல் போர் பக்கத்தில், இது உயிருக்கு ஆபத்து. ஒவ்வொரு துணியையும் உடனே தண்ணீர் நிரம்பிய இரும்பு வாளியில் போட்டேன்.

நிறம் பற்றி ஒன்று: புதிதாகச் சுரண்டிய தேக்கு முதலில் திட்டுத்திட்டாக, பச்சை கலந்த பழுப்பாகக்கூடத் தெரியும். வெளிச்சம் பட்டால் சில வாரங்களில் பொன்பழுப்பாக ஒன்றுசேரும். அதனால் ஸ்டெயின் என்கிற நிறச்சாயம் எதுவும் பூசவில்லை. ஒட்டுப்போட்ட துண்டு இப்போதே மற்றப் பலகைகளோடு கலக்க ஆரம்பித்துவிட்டது. சன்னலடியில் மட்டும் வெயில் நேராக விழுவதால் வருஷம் ஒரு மெல்லிய பூச்சு தேவைப்படும்.

படிக்கட்டு பாக்கி இருக்கிறது. படிகள் வெறும் மரம், அதற்கும் இதே எண்ணெய் போதும். கைப்பிடியில் அரக்குப் பாலிஷ் பெரும்பாலும் நல்லபடியே இருக்கிறது, அதைச் சுரண்டப் போவதில்லை. ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் பழைய அரக்கையே இளக்கிப் பரப்பி, மேலே புது அரக்கு மெல்லியதாக ஏற்ற உத்தேசம். காற்றில் ஈரம் இருந்தால் அரக்கு வெளிறிப் போகும் என்பதால் அதை அடுத்த பங்குனிக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.