மறுப்புக் கடிதத்துக்கு வந்த பதில்கள்

கல்லூரிச் சேர்க்கை அலுவலகத்தில் புதிதாகச் சேர்பவரிடம், மற்றவர்கள் விரும்பாத வேலைதான் முதலில் வந்து சேரும். எனக்கு வந்தது அப்பீல். 'இடம் அளிக்க இயலவில்லை' என்ற கடிதம் போன மறுநாளே மேல்முறையீடுகள் வரத் தொடங்கிவிடும். அவற்றைப் படித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கக் குறிப்பு எழுதி, மூன்று பேர் கொண்ட குழுவின் முன் வைக்க வேண்டும். முடிவு குழுவுடையது. அதைக் கடிதமாக எழுதி அனுப்புவது மறுபடியும் என் பாடு. நான்கு வருடம் இதைச் செய்தேன்.

முதல் வருடம் வந்த கடிதங்கள் எல்லாவற்றுக்கும் உருகினேன். இந்தக் கல்லூரியைத் தவிர வேறு எதையும் நினைத்ததே இல்லை என்று ஒரு பையன் மூன்று பக்கம் எழுதியிருந்தான். அடுத்த உறையைப் பிரித்தால் இன்னொருவர் அதையே நான்கு பக்கத்தில் எழுதியிருப்பார். கூடவே பரிந்துரைக் கடிதங்கள், பழைய சான்றிதழ்கள், ஒருமுறை ஒரு புகைப்பட ஆல்பம். என் குறிப்புகளும் நீண்டுகொண்டே போயின. குழுவில் மூத்தவர் அவற்றைப் படித்துவிட்டு, "சரி, இதில் நமக்கு முன்பே தெரியாதது எது?" என்று மட்டும் கேட்பார். பெரும்பாலும் என்னிடம் பதில் இருக்காது.

அந்தக் கேள்வியில் இரக்கமே இல்லை என்றுதான் அப்போது நினைத்தேன். இடக்கணக்கு புரிந்த பிறகுதான் அதன் நியாயம் தெரிந்தது. அனுமதி கிடைத்தவர்கள் எல்லோரும் வந்து சேர்வதில்லை என்பதால், எங்களைப் போன்ற கல்லூரிகள் இருக்கும் இடங்களைவிட அதிகமானவர்களுக்கே அனுமதி தரும். 1,000 இடம் இருந்து, மூன்றில் ஒருவர்தான் வருவார் என்று அனுபவம் சொன்னால், 3,000 கடிதம் போகும். கணிப்பு தப்பி ஆள் குறைந்தால் கைகொடுக்கக் காத்திருப்போர் பட்டியல் இருக்கிறது. நிராகரிக்கப்பட்டவர்கள் அதற்கும் கீழே. ஆக, அப்பீலுக்கென்று ஒதுக்கிவைத்த நாற்காலி எதுவும் கிடையாது. ஒருவரை உள்ளே விட்டால், காத்திருப்போர் பட்டியலில் வாயைத் திறக்காமல் காத்திருக்கும் யாரோ ஒருவரைத் தாண்டிக்கொண்டுதான் அவர் வருகிறார். நன்றாக எழுதத் தெரிந்தவர் என்பதற்காக அப்படித் தாண்டவிடலாமா?

விதிகள் இடத்துக்கு இடம் வேறுபடும். ஸ்டான்ஃபோர்டில் அப்பீல் என்ற ஏற்பாடே இல்லை, சொன்னது சொன்னதுதான். கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களில் அப்பீல் செய்யலாம். ஆனால் விண்ணப்பத்தில் இல்லாத, வலுவான புதிய தகவல் இருக்க வேண்டும். பிரிட்டனில் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள், நடைமுறையில் பிழை நேர்ந்தது என்று காட்டினால் கேட்கும். 'என் தகுதியைக் குறைத்து மதிப்பிட்டீர்கள்' என்ற வாதத்தைக் காதில் போட்டுக்கொள்ளாது. எங்கள் விதி கலிஃபோர்னியாவுடையதைப் போன்றது. 'புதிய தகவல்' என்ற இரண்டு சொல்லை ஆளாளுக்கு ஒரு மாதிரிப் படித்தார்கள் என்பதுதான் என் நான்கு வருட அனுபவத்தின் பாதி. விண்ணப்பித்த பிறகு வாங்கிய ஒரு பரிசுக் கோப்பை புதிதுதான். ஆனால் ஏற்கெனவே ஒன்பது கோப்பை இருக்கும் கோப்பில் பத்தாவது எதையும் மாற்றாது.

ஜெயித்த கடிதங்கள் அநேகமாக எல்லாமே சின்னவை. என் நினைவில் நிற்பது ஏழு வரிக் கடிதம் ஒன்று. எழுதிய பெண் நடுவில் பள்ளி மாறியிருக்கிறாள். பழைய பள்ளியின் ஒரு பருவ மதிப்பெண்கள் புதிய பள்ளியின் பட்டியலில் ஏறவே இல்லை. எங்கள் கணக்கில் அந்தக் கணிதப் பாடத்தை அவள் படிக்கவே இல்லை. "இத்துடன் பழைய பள்ளி முத்திரையிட்ட பட்டியல். விடுபட்ட பருவம் இரண்டாம் பக்கத்தில் உள்ளது. மறுபடி பார்க்க வேண்டுகிறேன்." கனவு, கண்ணீர் எதுவும் இல்லை. என் குறிப்பும் ஐந்து வரியில் முடிந்துவிட்டது. குழுவில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, மூத்தவர் உட்பட.

இன்னொரு வகையும் உண்டு. ஒரு மாணவனின் மதிப்பெண்கள் ஒரே வருடத்தில் தடாலென்று விழுந்திருந்தன. விண்ணப்பத்தில் அதற்கு விளக்கம் இல்லை. வீட்டில் ஒருவர் நோயில் கிடந்ததும், மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் நடுவே இவன் அலைந்ததும் அப்பீலில்தான் வந்தது, பள்ளி ஆலோசகரின் கடிதத்தோடு. ஏன் முன்பே சொல்லவில்லை? அனுதாபம் தேடுவதாக நினைப்பார்கள் என்று பயந்தானாம். கேட்டால் கிடைக்கக்கூடியவர்கள்தான் இப்படிக் கேட்காமலே இருந்துவிடுகிறார்கள். ஆல்பம் அனுப்புகிறவர்கள் தயங்குவதே இல்லை.

பிழை எங்கே ஒளிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. 2005 அக்டோபரில் அமெரிக்காவில் நடந்த, கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வில் 4,000க்கும் மேற்பட்டவர்களுக்கு மதிப்பெண் குறைத்துப் போடப்பட்டது. ஈரப்பதத்தில் விடைத்தாள் உப்பிப்போய், இயந்திரம் புள்ளிகளைத் தவறாகப் படித்ததும் ஒரு காரணம். விஷயம் வெளியே வந்தது 2006 மார்ச்சில், கல்லூரிகள் முடிவெடுத்துக்கொண்டிருந்த சமயம். தங்கள் தாளைக் கையால் திருத்திப் பாருங்கள் என்று யாரோ கேட்டதால்தான் அதுவும் வந்தது. கல்லூரிகளும் பிழைக்கு விலக்கல்ல. 2009இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகம், தான் நிராகரித்த சுமார் 28,000 பேருக்கு 'உங்களை வரவேற்கிறோம்' என்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, சில மணி நேரத்தில் மன்னிப்புக் கேட்டது. 2017இல் அதே பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகம் சேர்க்கை கிடைத்திருந்த 499 பேரின் இடத்தைக் கோடையில் ரத்து செய்தது. எதிர்ப்பு கிளம்பியதும் துணைவேந்தர் நிலையில் இருப்பவரே மன்னிப்புக் கேட்டுப் பெரும்பாலானோரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார். இதையெல்லாம் படித்த பிறகு, 'எங்கள் முடிவு முழுமையான பரிசீலனைக்குப் பின் எடுக்கப்பட்டது' என்று தட்டச்சு செய்யும்போது விரல் கொஞ்சம் தயங்கும்.

பெற்றோரிடமிருந்து வரும் தொலைபேசி தனி அத்தியாயம். விண்ணப்பித்தவரைத் தவிர யாரிடமும் கோப்பைப் பற்றிப் பேசக்கூடாது என்பது எங்கள் அலுவலக விதி. மிரட்டுபவர்களிடம் அந்த விதிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது சுலபம். என் மூன்றாவது வருடத்தில் ஓர் அம்மா பேசினார். மிரட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. மகன் ஒரு வாரமாக யாரோடும் சரியாகப் பேசவில்லை, அப்பீல் எழுதினால் அவனுக்கு மறுபடி ஒருமுறை ஏமாற்றம்தானா என்று கேட்டார். விதிப்படி நான் பதில் சொல்லியிருக்கக் கூடாது. புதிதாக ஒன்றும் இல்லையென்றால் அநேகமாக ஏமாற்றம்தான் என்றேன். வேறு எங்கே அனுமதி கிடைத்திருக்கிறது என்று கேட்டேன். ஓர் ஊர் சொன்னார். அங்கே சேருவதற்கான கடைசித் தேதியை அப்பீலுக்காகத் தவறவிட வேண்டாம், முன்பணம் கட்டிவிட்டு எழுதட்டும். ஒரு வருடம் அங்கே படித்துவிட்டு மாறுதலுக்கு விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது, அதற்குத் தனிப் பரிசீலனை என்றேன். எழுதுவதானால் அவனே எழுதட்டும் என்றும் சொன்னேன். பெற்றோர் எழுதியது இரண்டாம் வரியிலேயே தெரிந்துவிடும்.

பத்து நாள் கழித்து அவன் கடிதம் வந்தது. நான்கு வரி. இடம் கேட்கவே இல்லை. வேறு கல்லூரியில் சேர்ந்துவிட்டதாகவும், ஒன்று மட்டும் தெரிந்துகொள்ள விரும்புவதாகவும் எழுதியிருந்தான்: "என் விண்ணப்பத்தில் நான் என்ன தவறு செய்தேன்?"

அது அப்பீலே இல்லை. குழுவுக்கு அனுப்ப வேண்டிய அவசியமும் இல்லை. கோப்பை எடுத்து மாலை வரை வைத்துக்கொண்டிருந்தேன். நல்ல மதிப்பெண்கள், நேர்மையான கட்டுரை. அவன் கேட்ட துறையில் அவனைப் போன்ற கோப்புகள் நூறு இருந்தன, இடம் சில. 'நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை' என்று ஒரு வரி எழுதி, வழக்கமான பதிலின் நடுவில் சேர்த்து, கையெழுத்துக்கு அனுப்பினேன்.

தாள் திரும்பி வந்தபோது அந்த வரி மட்டும் அடிக்கப்பட்டிருந்தது. தவறு இல்லையென்று நாமே எழுதிக் கொடுத்தால், பிறகு ஏன் இடம் தரவில்லை என்று அடுத்த கடிதம் வருமே என்றார் மேலாளர். வராது, அவன் அந்த மாதிரிப் பையன் இல்லை என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. வரியை எடுத்துவிட்டு மறுபடி அச்செடுத்து, உறையில் போட்டு ஒட்டினேன்.