சவரக்கத்தி தீட்ட எந்தக் கல்: கடப்பாக் கல்லிலிருந்து பெல்ஜியக் கல் வரை

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிய ஜெர்மனியின் சோலிங்கன் ஊரில் செய்த ஒரு பழைய சவரக்கத்தியை, முகத்தில் வைத்து இழுக்கக்கூடிய பதத்துக்கு இயற்கைக் கற்களைக் கொண்டே கொண்டுவர முடியுமா என்று சில மாதங்களாகச் செய்து பார்த்து வருகிறேன். செயற்கைக் கல் என்றால் துகளின் நுண்மைக்கேற்ப 1000, 5000, 8000 என்று எண் போட்டே விற்பார்கள். சிறிய எண்ணில் தொடங்கிப் பெரிய எண்ணில் முடித்தால் வேலை தீர்ந்தது. மண்ணுக்கடியிலிருந்து வெட்டி எடுத்த கல்லுக்கு அப்படி எண் எதுவும் இல்லை. விற்பவர் 12000 என்று அட்டையில் அச்சடித்திருந்தாலும் அது ஒப்பிட்டுச் சொன்ன கணக்குதான். ஆகவே எண்ணை விட்டுவிட்டு மூன்று கேள்விகளை மட்டும் ஒவ்வொரு கல்லிடமும் கேட்பது என்று வைத்துக்கொண்டேன்: அதிலுள்ள துகள் எஃகைவிடக் கடினமானதா, அந்தத் துகள் எவ்வளவு ஆழமாகக் கீறுகிறது, கல் முழுவதும் ஒரே சீராக இருக்கிறதா.

கல்லுக்குப் போகுமுன் கத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சமையலறைக் கத்தியைத் தீட்டும்போது கோணத்தைக் கைதான் பிடித்துக்கொள்ள வேண்டும். சவரக்கத்தியில் அந்த வேலையைக் கத்தியின் தடித்த முதுகு பார்த்துக்கொள்கிறது. முதுகும் விளிம்பும் ஒருசேரக் கல்லில் படிந்திருக்கத் தள்ளினால் கோணம் தானாக அமையும். என்னுடைய கத்தி எட்டில் ஐந்து அங்குல அகலம், அதாவது ஏறத்தாழ 16 மில்லிமீட்டர். முதுகின் தடிமன் 4.5 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் இரு பக்கமும் சேர்ந்து 16 பாகைக் கோணம் வருகிறது, சவரக்கத்திக்கு அது சரியான கோணம். இரு பக்கச் சரிவுகளும் ஒரு கோட்டில் சந்திக்கும்படி செய்யும் முதல் கட்டத்தை மட்டும் 1000 எண் செயற்கைக் கல்லில் முடித்தேன். அதற்கு இயற்கைக் கல்லைத் தேடுவது நேரத்தை வீணாக்குவது என்பது என் கருத்து. விளிம்பில் மார்க்கர் பேனாவால் கோடு இழுத்து, இரண்டு மூன்று தள்ளலுக்குப் பிறகு மை எங்கே மிச்சமிருக்கிறது என்று நகைக்கடை லென்ஸில் பார்த்தால், கல் தொடாத இடம் உடனே தெரிந்துவிடும்.

சைக்கிள் சாணைக்காரரிடம் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் முடியுமே என்று வீட்டில் கேட்டார்கள். அரிவாள்மனைக்கும் மீன் வெட்டும் கத்திக்கும் அது போதும். காசிமேட்டில் நாள் முழுவதும் வஞ்சிரம் துண்டு போடும் கத்திகளுக்குச் சற்றுச் சொரசொரப்பான விளிம்பே வாகாக இருக்கும். சவரக்கத்தியின் அலகோ உட்குழிந்து, விளிம்புக்குப் பக்கத்தில் காகிதம் போல மெலிந்திருக்கும். உலர்ந்த சக்கரத்தில் வைத்தால் நொடியில் சூடேறி, எஃகு நீலம் பாய்ந்து, பதம் போய்விடும். பழைய வண்ணாரப்பேட்டையில் பல காலம் சலூன் நடத்தி, இப்போது கடையை மகனிடம் விட்டுவிட்ட பெரியவர் ஒருவரிடம் கத்தியைக் காட்டினேன். ஒற்றைக் கத்தியைத் தோல்வாரில் தீட்டி ஆளுக்கு ஆள் சவரம் செய்த காலத்தைப் பார்த்தவர் அவர். நோய்த்தொற்று அச்சம் வந்தபின் எல்லாரையும் போல அவரும் பிளேடைப் பாதியாக ஒடித்துச் செருகும் கத்திக்கு மாறியிருக்கிறார். விளிம்பைக் கட்டைவிரலின் குறுக்கே மெல்ல வருடிப் பார்த்துவிட்டு, “இன்னா தம்பி, கல்லுல வேலைய முடிக்காம வாருல போட்டு இழுத்துக்கினு கீற? கல்லுல வராதது வாருல வராது” என்றார். தோல்வாரில் எவ்வளவு இழுத்தாலும் பதம் ஏறாத காரணம் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது.

உள்ளூரில் கிடைக்கும் கற்களிலிருந்து தொடங்கினேன். வடசென்னைப் பழைய வீடுகளில் சமையல் மேடைக்கும் அலமாரித் தட்டுக்கும் கடப்பாக் கல்தான். கொருக்குப்பேட்டையில் ஒரு வீட்டை இடிக்கும்போது கிடைத்த துண்டு, கறுப்பாக, வழுவழுப்பாக, பார்க்கும்போதே தீட்டுக்கல்லாகப் பிறந்தது போல இருந்தது. ஆனால் எலுமிச்சம்பழத்தை நறுக்கி அப்படியே வைத்த இடத்தில் கடப்பா மேடை வெளுத்துப் போவதை நம் வீடுகளில் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. புளிப்புப் பட்டால் அரிபடுகிறது என்றால் அது சுண்ணாம்புக் கல். அதில் பெரும்பகுதி கால்சைட். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவையில் கால்சைட்டின் கடினம் 3, பதமேற்றிய எஃகு 6-ஐ ஒட்டி நிற்கும். தன்னைவிட மென்மையான பொருளில் உரசி எஃகைத் தேய்க்க முடியாது. இருந்தாலும் செய்து பார்க்காமல் விட மனமில்லை. தண்ணீர் தெளித்து நெடுநேரம் தள்ளிய பிறகும், 1000 எண் கல் போட்ட கீறல்கள் லென்ஸில் அப்படியே தெரிந்தன. அவற்றின் மேல் ஒரு மினுமினுப்பு மட்டும் ஏறியிருந்தது. தண்ணீரும் கறுக்கவில்லை. எஃகு தேய்ந்தால் கல்லின் மேல் நிற்கும் நீர் சாம்பல் நிறமாக வேண்டும். ஒரு கல் வேலை செய்கிறதா என்று அறிய இதைவிட எளிய சோதனை இல்லை.

அடுத்தது மார்க்காபூர் சிலேட்டு. ஆந்திரத்திலுள்ள மார்க்காபூர் எழுதுபலகைக் கல்லுக்குப் பெயர்போன ஊர். மரச்சட்டம் போட்ட பலகையில் ‘அ’ எழுதிப் பழகியவர்கள் இந்த வகைக் கல்லைக் கையில் வைத்திருந்தவர்கள்தாம். இப்போது அதே கல் சுவர்ப் பதிகல்லாகச் சென்னைக்கு வருகிறது. சிலேட்டு என்பது களிமண் படிவு அழுத்தத்தால் இறுகி ஏடு ஏடாக மாறியது. அதில் அப்பிரகத் தகடுகளுக்கு இடையே நுண்ணிய குவார்ட்ஸ் துகள்கள் இருக்கும், குவார்ட்ஸின் கடினம் 7. ஜெர்மனியின் துரிங்கியக் கல்லும் வேல்ஸ் நாட்டுக் கற்களும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே என்பதால், கடப்பாவிடம் இல்லாத நம்பிக்கை இதன்மேல் இருந்தது. ஓரத்தில் விட்ட வினிகர் துளி சும்மா கிடந்தது, நுரைக்கவில்லை. முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

சிக்கல் மூன்றாவது கேள்வியில் வந்தது. பதிகல்லாக விற்கும் சிலேட்டு ஏட்டின் போக்கில் பிளந்தது, மேடு பள்ளமாக இருக்கும். கண்ணாடித் தகட்டின் மேல் பெயின்டர்கள் வாங்கும் வாட்டர் பேப்பரை ஒட்டி, முதலில் 220, பிறகு 400, கடைசியில் 1000 என்று தேய்த்து மட்டமாக்கினேன். கல்லின் மேல் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டுக்கொண்டு, எல்லாக் கோடும் ஒன்றாக அழியும்வரை தேய்க்க வேண்டும். நடுவில் கோடு மிஞ்சினால் அங்கே குழி. மட்டமான பிறகு ஈரமான பரப்பில் ஒரு தையல் ஊசியைப் படுக்கவைத்து மெதுவாக இழுத்தேன். பட்டுப் போல ஓடிய ஊசி ஓரிடத்தில் ‘கிர்’ரென்று தட்டி நின்றது. லென்ஸில் பார்த்தால் அங்கே மஞ்சளாக மின்னும் ஒரு புள்ளி, இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட். அதன் கடினமும் 6-க்கு மேல். விளிம்பு அதன்மேல் ஒருமுறை ஏறினால் போதும், பல் விழுந்துவிடும். நல்ல வேளையாக அது ஒரு மூலையில் இருந்ததால் அந்தப் பகுதியை அறுத்தெறிந்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொண்டேன். மீதித் துண்டு மெதுவாகத்தான் தேய்க்கிறது என்றாலும் உண்மையாகவே தேய்க்கிறது. முன்கை முடியைச் சிரைக்கும் அளவுக்கு விளிம்பு வந்தது, ஆனால் தாடையில் வைத்தபோது முடியை இழுத்துப் பிடித்துப் பிறகே அறுத்தது. இரண்டாவது கேள்விக்கு அந்தக் கல்லின் விடை ‘ஓரளவு’ என்பதுதான்.

பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில், வீல்சால்ம் ஊரைச் சுற்றிக் கிடைக்கும் கோட்டிக்யூல் என்னும் மஞ்சள் கல்லைச் சுங்க வரியும் கட்டி வரவழைத்தேன். உள்ளங்கையை விடச் சிறிய துண்டு. அதன் அருமை கார்னெட் என்னும் கடினமான கனிமத்தின் மணிகளில் இருக்கிறது. கல்லின் பருமனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஸ்பெஸ்ஸார்டின் என்னும் மாங்கனீசு கார்னெட். ஒவ்வொரு மணியும் பெரும்பாலும் 5 முதல் 15 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை. செயற்கைக் கல்லின் கணக்கில் இது சொரசொரப்பான அளவு; அப்படியிருந்தும் இது மென்மையான விளிம்பைத் தருவது ஏன் என்று முதலில் விளங்கவில்லை. காரணம் மணியின் வடிவம். பன்னிரண்டு முகம் கொண்ட அந்தப் படிகத்துக்குக் கூரான மூலைகள் இல்லை, மழுங்கிய விரிகோணங்களே உள்ளன. அதனால் எஃகில் ஆழ இறங்காமல் மேலோட்டமாகச் சுரண்டிச் செல்கிறது. எண்ணை வைத்து இயற்கைக் கல்லை அளக்கக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

இந்தக் கல்லில் வேலை செய்யும் முறையும் வேறு. அதே கல்லின் சிறு துண்டைத் தண்ணீர் விட்டு மேலே தேய்த்தால் பால் போன்ற கலங்கல் வரும்; அதில் விடுபட்ட மணிகள் உருண்டோடி எஃகை வேகமாகத் தேய்க்கும். வேகம் கிடைக்கிறது, ஆனால் விளிம்பு நேராகக் கலங்கலுக்குள் புகுந்து செல்வதால் மிதக்கும் மணிகள் அதன்மேல் மோதிச் சற்று மழுக்கவும் செய்கின்றன. ஆகவே கலங்கலைப் படிப்படியாக நீர்க்கச் செய்ய வேண்டும். விரல்நுனியைத் தண்ணீரில் தோய்த்து ஒரு சொட்டு விடுவது, சில தள்ளல், மீண்டும் ஒரு சொட்டு என்று போய், கடைசியில் கல்லைக் கழுவிவிட்டு வெறும் தண்ணீரில், கத்தியின் எடையைத் தவிர வேறு அழுத்தம் இல்லாமல், அடியிலிருந்து நுனி வரை குறுக்காக நீளத் தள்ளி முடிப்பது. நீர்ப்பதில் அவசரப்பட்டால் விளிம்பு அரைகுறையாக நின்றுவிடுகிறது. எப்போது அடுத்த சொட்டு விடுவது என்பதைக் காதும் கையும் சேர்ந்து சொல்கின்றன: கலங்கல் கெட்டியாக இருக்கையில் சரசரவென்ற ஓசை, நீர்த்தபின் கண்ணாடியில் நழுவுவது போன்ற அமைதி, நன்றாக வந்த விளிம்பு கடைசித் தள்ளல்களில் கல்லை லேசாகப் பற்றிக்கொள்ளும், தண்ணீர் அலகின் மேல் சுருண்டு ஏறும். அப்படி முடித்த கத்தியில் கன்னம் எரியாமல் சவரம் நடந்தது. மோவாயில் மட்டும் இன்னும் கூர்மை வேண்டியிருந்தது.

அந்தக் குறையைப் போக்க அமெரிக்காவின் அர்கன்சா கல்லை நாடினேன். வாஷிட்டா மலைகளில் வெட்டப்படும் இது நோவாகுலைட், கிட்டத்தட்ட முழுக்க நுண்குவார்ட்ஸ். இதில் தரத்தை அடர்த்தி சொல்லும்: தூய குவார்ட்ஸின் ஒப்படர்த்தி 2.65, அதை நெருங்க நெருங்கக் கல்லுக்குள் வெற்றிடம் குறைவு, முடிப்பு மென்மை. வீட்டிலேயே அளந்துவிடலாம். கல்லை நிறுத்தேன், 412 கிராம். தராசின் மேல் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து முள்ளைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, கல்லை நூலில் கட்டி அடியைத் தொடாமல் மூழ்கவிட்டபோது தராசு 164 காட்டியது; அது கல் விலக்கிய தண்ணீரின் எடை. 412-ஐ 164-ஆல் வகுத்தால் 2.51, கடினமான வகை என்று சொல்லி விற்றது உண்மையே. இது கலங்கல் தராத கல், சோப்புத் தண்ணீரோ மெல்லிய எண்ணெயோ விட்டு மெதுவாகத் தள்ள வேண்டும். மட்டமாக்குவதோ பெரும்பாடு. சிலிக்கன் கார்பைடு தூளும் வெகுநேரமும் கேட்கிறது, தோள் வலி இலவசம்.

துரிங்கியக் கல்லின் சுரங்கங்கள் மூடிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. அவற்றை விற்ற எஷர் நிறுவனத்தின் முத்திரை உள்ள பழைய கற்களுக்குச் சேகரிப்பாளர்கள் கொடுக்கும் விலை எனக்குக் கட்டாது. ஜப்பானின் கியோட்டோ பகுதியில் நகயாமாச் சுரங்கத்தில் வெட்டிய கற்களும் அதே கதைதான், போதாததற்கு ஒவ்வொரு கல்லும் வெவ்வேறு குணம். புதிதாகத் தொடங்குபவருக்கு இரண்டையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ராயபுரத்துக் கடற்காற்றில் கல்லைவிடத் துருதான் பெரிய பகை. தீட்டி முடித்த விளிம்பை ஈரத்தோடு ஓர் இரவு விட்டால் காலையில் லென்ஸில் பழுப்புப் புள்ளிகள் தெரியும். எங்கள் தெருவின் போர் தண்ணீரில் உப்பு அதிகம் என்பதால் கல்லுக்கும் கழுவுவதற்கும் கேன் தண்ணீரையே பயன்படுத்துகிறேன். துடைத்தபின் ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் பிசுபிசுத்துக் கீல் இறுகிவிடுகிறது.

இப்போதைய ஏற்பாடு இது: 1000 எண்ணில் சரிவு, கோட்டிக்யூலில் கலங்கல் தொடங்கி வெறும் தண்ணீர் வரை, அர்கன்சாவில் சோப்புத் தண்ணீரோடு நிதானமான தள்ளல்கள், பிறகு துணிவாரும் தோல்வாரும். மோவாய்ப் பிரச்சினை பெருமளவு தீர்ந்துவிட்டது. மார்க்காபூர்த் துண்டையும் தூக்கிப் போடவில்லை; கோட்டிக்யூலின் சிறு துண்டை அதன்மேல் உரசி, கார்னெட் கலங்கலைச் சிலேட்டின் மேல் ஓடவிட்டுப் பார்த்ததில், சிலேட்டு தனியாகச் செய்ததைவிட வேகமாகத் தண்ணீர் கறுக்கிறது. அந்த விளிம்பை முன்கையில் மட்டுமே சோதித்திருக்கிறேன், முகத்தில் இன்னும் வைக்கவில்லை.