போடி வண்டிக்கு என்ன விலை?

"ஏப்பா, ஜெர்மன்காரன் பெட்டியே 60 யூரோதான். உன் பெட்டி எப்படி அதவிடக் கூடுச்சு?"

கேட்டவர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர். மதுரை–போடி மீட்டர் கேஜ் வண்டியின் கடைசியில் நின்று பச்சைக்கொடி காட்டியே பாதி ஆயுசைக் கழித்தவர். 2010 முடிவோடு அந்த வண்டி நின்றது. அகலப்பாதை போட்டு 2022இல் தேனிக்கும், 2023இல் போடிக்கும் மறுபடி ரயில் வந்தது. வந்தது வேறு வண்டி. அவருக்கு வேண்டியது பழைய வண்டி, 87இல் ஒரு பங்கு அளவில், வீட்டு ஷோகேஸுக்கு. நான் மாடல் ரயில் பெட்டி செய்து விற்கிறவன். என்னிடம் இரண்டு பெட்டி கேட்டார். பெட்டிக்கு 7,500 ரூபாய் சொல்லியிருந்தேன். அந்த நேரம் பார்த்து மகன் ஸ்டுட்கார்ட்டிலிருந்து சூட்கேஸில் ஒரு மாடல் பெட்டி கொண்டுவந்திருக்கிறார், விலை ஸ்டிக்கரோடு. 60 யூரோ என்றால் அன்றைய கணக்கில் ஐயாயிரத்துச் சொச்சம்.

வாசலில் நின்று சொல்லி முடிகிற பதில் இல்லை. டீ வாங்கிவரச் சொல்லிவிட்டு உட்காரவைத்தேன்.

நான் கற்றது டை வேலை, பிளாஸ்டிக் பொருளுக்கு எஃகு அச்சு செய்கிற வேலை. மதுரைப் பக்கம் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு டூல்ரூமில் 14 வருஷம். பாட்டில் மூடி, பேனாக் குழாய், சுவிட்ச் டப்பா இவற்றுக்கெல்லாம் அச்சு செய்வோம். எஃகுக் கட்டையில் வெளிவடிவத்துக்கு ஒரு குழி, உள்வடிவத்துக்கு ஒரு மேடு; குழி கேவிட்டி, மேடு கோர். இரண்டும் மூடிக்கொள்ளும்போது நடுவில் மிஞ்சுகிற சந்தில் உருகிய பிளாஸ்டிக் பாய்ந்தால் பொருள். சரியாக மூடுகிறதா என்று பார்க்க ஒரு பாதியில் நீல மசியைத் தடவி மூடித் திறப்போம். மறுபாதியில் நீலம் ஒட்டிய இடம் முட்டுகிற இடம். அதைத் தேய்ப்போம், மறுபடி தடவுவோம், மறுபடி தேய்ப்போம். சில டைக்கு இதுவே நாலு நாள் ஓடும். சட்டையில் ஏறிய அந்த நீலம் எந்த சோப்புக்கும் போகாது.

ஒருநாள் சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். சென்னை ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் ரயில் பெட்டிக்கு மாடல் செய்ய வேண்டும், அதன் மேல்கூட்டுக்கு டை வேண்டும், 300 எண்ணம் போதும் என்றார். நிஜப் பெட்டி 21.337 மீட்டர், 87ஆல் வகுத்தால் 245 மில்லிமீட்டர். மூடி செய்கிற எங்களுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. வரைபடத்தைப் பிரித்த பிறகுதான் விவகாரம் புரிந்தது. கூட்டை அச்சிலிருந்து மேல்நோக்கி உருவ வேண்டும். ஜன்னல்களோ பக்கவாட்டில் இருக்கின்றன. அப்படியே உருவினால் ஜன்னல் ஓட்டையில் மாட்டிக்கொள்ளும். ஆகவே இரண்டு பக்கமும் விலகிக்கொடுக்கிற ஸ்லைடு வேண்டும். டையின் விலை அங்கேயே ஏறிவிட்டது.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை, எங்களுக்கு இல்லை. ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் ஆறும்போது சுமார் 0.5 சதவீதம் சுருங்கும். 245 மில்லிமீட்டரில் அது 1.2 மில்லிமீட்டர். அதை முன்கூட்டியே சேர்த்துத்தான் எஃகை வெட்ட வேண்டும். வரைபடம் கொடுத்தவர் டூல்ரூம் சேர்த்துக்கொள்ளும் என்று நினைத்தார், எங்கள் ஃபோர்மேன் அவர் சேர்த்துத்தான் கொடுத்திருப்பார் என்று நினைத்தார். முதல் ஷாட் ஆறி வந்த கூடு 1.2 குட்டை. கேவிட்டியை இன்னும் கொஞ்சம் வெட்டிப் பெரிதாக்கிவிடலாம். கோரை? அது வளர வேண்டும். எஃகு வளராது. புதுக் கோர், மூன்று வாரம், யார் காசு என்ற சண்டை. அவர் திரும்பி வரவில்லை. அந்த டை ஒரு மூலையில் கிரீஸ் பூசிக் கிடந்தது, கடைசியில் பழைய இரும்புக்குப் போனது.

பாட்டில் மூடியிலும் இதே மாதிரி தப்பு நடந்திருக்கிறது. யாரும் சத்தம் போட்டதாக ஞாபகம் இல்லை. மூடி லட்சக்கணக்கில் ஓடும். கோரை மாற்றிய செலவு ஒரு மூடிக்கு ஒரு பைசாகூட வராது. ஒரு பேச்சுக்கு டைக்கு 12 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 12,000 பெட்டி ஓட்டுகிறவனுக்குப் பெட்டிக்கு 100 ரூபாய். 300 ஓட்டுகிறவனுக்கு 4,000. பிளாஸ்டிக் அதே பிளாஸ்டிக்தான்.

பெரியவர் இங்கே குறுக்கிட்டார். "ஜெர்மன்காரன் மட்டும் அத்தனை பெட்டிய யாருக்கு விக்கிறான்?"

நல்ல கேள்வி. ஒரே கூட்டைப் பல வேஷத்தில் விற்கிறான். அதே அச்சில் வந்த பெட்டிக்கு இந்த வருஷம் ஒரு ரயில்வேயின் பச்சை, அடுத்த வருஷம் இன்னொரு ரயில்வேயின் சிவப்பு, அதற்கடுத்து வேறொரு காலத்து எண். முப்பது, நாற்பது வருஷத்து டைகள் இன்னும் ஓடுகின்றன. போட்ட காசு எப்போதோ திரும்பிவிட்டது. நம் ஊர்ப் பெட்டிக்கும் செங்கல் சிவப்பு, அப்புறம் நீலம் என்று வேஷங்கள் உண்டு, ஆனால் காசு கொடுத்து வாங்குகிற ஆள் குறைச்சல்.

அதற்காகப் பெரிய கம்பெனி நிம்மதியாகத் தூங்குகிறது என்று நினைக்க வேண்டாம். 12,000 பெட்டி ஓட்டினால்தான் 100 ரூபாய்; அதில் பாதி கிடங்கில் தங்கிவிட்டால் கணக்கு வேறு. டீலர் கமிஷன், கேட்லாக், பத்து வருஷம் கழித்து உடைந்த சக்கரம் கேட்டு எழுதுகிறவனுக்கு உதிரிப்பாகம், எல்லாம் அந்த 60 யூரோவுக்குள்தான். ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்திலேயே கோப்பிங்கனில் இருக்கிற மார்க்லின் என்ற மாடல் ரயில் கம்பெனி 1859இல் தொடங்கியது. 2009, அதன் 150ஆவது வருஷம், திவால் மனு போட்டது. பிறகு மீண்டது, அது வேறு கதை. பிரிட்டனின் மாடல் ரயில் கம்பெனி ஹார்ன்பி 1990களில் உற்பத்தியைச் சீனாவுக்குக் கொண்டுபோனதும் இந்தக் கணக்குத் தாளாமல்தான்.

சரி, என் பக்கம். டூல்ரூமை விட்ட பிறகு எஃகு டையைத் தொடவில்லை. ஒரு மூலப் பெட்டியைக் கையால் செய்கிறேன், அதன்மேல் சிலிக்கான் ரப்பரை ஊற்றி அச்செடுக்கிறேன், அதில் ரெசின் வார்க்கிறேன். அச்சுச் செலவு ஆயிரங்களில் முடிந்துவிடும். ஆனால் இருபத்தைந்து வார்ப்பில் ரப்பர் கிழிய ஆரம்பிக்கும், மறுபடி ஊற்ற வேண்டும். எஃகு டையில் நிமிஷத்துக்கு ஒரு கூடு விழும்; எனக்கு ஒரு நாளைக்கு மூன்று வந்தால் நல்ல நாள். சித்திரை மாசத்தில் அதுவும் இல்லை. ரெசினின் இரண்டு திரவங்களையும் கலந்தால் ஆறு நிமிஷம் கையில் இருக்கும் என்று டப்பாவில் போட்டிருக்கும். அது குளிர்ந்த ஊர்க் கணக்கு. கத்திரி வெயிலில் கலக்கிக்கொண்டிருக்கும்போதே கப் சுடும், கெட்டியாகும், குச்சி அதிலேயே நட்டுக்கொள்ளும். அப்படி நட்டுக்கொண்ட குச்சிகளை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். வெயில் காலத்தில் காலை ஐந்து மணிக்கே ஊற்றி முடித்துவிடுவேன்.

ஜன்னல் கம்பி தனிக் கதை. நிஜத்தில் ஒரு சென்டிமீட்டர் கம்பி இந்த அளவில் 0.11 மில்லிமீட்டர். அவ்வளவு மெல்லிய சந்தில் பிளாஸ்டிக் பாயாது. 0.2 மில்லிமீட்டர் பித்தளைத் தகட்டை ஃபெரிக் குளோரைடு கரைசலில் அரிக்கவிட்டுக் கம்பி எடுக்கிறேன். அளவுக்குக் கொஞ்சம் தடிப்புதான், கண் மன்னித்துவிடும். பெரியவர் கொண்டுவந்த பெட்டியில் கம்பியே இல்லை. அந்த நாட்டு ரயில் ஜன்னலுக்குக் கம்பி கிடையாதே, ஜெர்மன்காரனுக்கு அந்தத் தலைவலி இல்லை. தண்டவாளமும் அவனுக்குத் தோதாக அமைந்தது. அவன் ஊர்ப் பாதை 1,435 மில்லிமீட்டர். 87ஆல் வகுத்தால் 16.5. உலகம் முழுக்க விற்கிற மாடல் பாதை அதுதான். நம் மீட்டர் கேஜ் 11.5 வரும். நான் 12 மில்லிமீட்டர் பாதைக்கென்று வெளிநாட்டில் செய்த சக்கரத்தை வாங்கி ஒப்பேற்றுகிறேன்.

அந்தச் சக்கரத்துக்கு வரி வேறு. சுங்கத்தில் மாடல் ரயிலும் பொம்மைதான், கிலுகிலுப்பை இருக்கிற அதே வரிசை. பொம்மைக்கு 20 சதவீதமாக இருந்த இறக்குமதி வரி 2020இல் 60 ஆனது, 2023இல் 70. மகன் சூட்கேஸில் கொண்டுவந்த பெட்டி இந்தக் கணக்குக்குள் வரவில்லை. தபாலில் வரவழைத்திருந்தால் பெரியவர் என்னிடம் இவ்வளவு கோபமாக வந்திருக்கமாட்டார்.

இதையெல்லாம் சொன்னேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. 7,500இல் ரெசின், பித்தளை, சக்கரம், பெயின்ட் போக மிஞ்சுவதை நான் வேலைசெய்த மணிநேரத்தால் வகுத்தால், டூல்ரூமில் ஹெல்பருக்குக் கொடுத்த கூலிகூட வராது. விளாச்சேரியில் கொலு பொம்மைக்குக் கண் எழுதுகிற அம்மா ஒருவரிடம் ஒருமுறை, ஒரு செட்டுக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று கேட்டேன். "அதெல்லாம் எண்ணுனா பிரஷ்ஷக் கையில எடுக்க முடியுமாப்பா" என்றார். எனக்கு அந்தப் பதில் அப்போது பிடித்திருந்தது. இப்போது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அவரும் எண்ண வேண்டும், நானும் எண்ண வேண்டும். எண்ணினால் விலை பத்தாயிரத்தைத் தாண்டும், பெரியவர் டீயைக்கூடக் குடிக்காமல் போயிருப்பார்.

பெரியவர் பேசாமல் நான் செய்த பெட்டியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு போனார்.

"போர்டு எங்கப்பா?"

ஜன்னலுக்கு மேலே மாட்டுகிற மதுரை–போடி பெயர்ப்பலகை. உண்மையில் நான் மறந்துவிட்டேன். இரண்டு பெட்டிக்குப் பக்கத்துக்கு ஒன்றாக நாலு போர்டு, ஒவ்வொன்றும் இரண்டு சென்டிமீட்டர் நீளம். டெக்கால் என்கிற ஒட்டுப்படம் அடிக்கிற அச்சகத்தில் கேட்டால் நாலெல்லாம் அடிக்கமாட்டோம், குறைந்தது ஒரு முழு ஏ4 தாள் என்றார்கள். நாலு அடித்தாலும் இருநூறு அடித்தாலும் ஒரே ரேட். தாளில் இருநூறு பிடித்தது. நாலை வெட்டி ஒட்டிக் கொடுத்தேன், அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை. மீதி 196 டிராயரில் இருக்கின்றன.