ஆளுக்கு 50 சதுர அடி

பொறியாளர் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே, "32 பேர்தான் தங்கலாம்" என்றார். அன்றிரவு அந்தக் கூடத்தில் 41 பெண்கள் படுத்திருந்தார்கள்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், மாநகராட்சியின் பழைய கட்டடம் ஒன்றில், வீடற்ற பெண்களுக்கான காப்பகத்தை எங்கள் அறக்கட்டளை நடத்துகிறது. பெண்களும் குழந்தைகளும் தங்கும் விடுதிகளையும் இல்லங்களையும் ஒழுங்குபடுத்தும் 2014ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியரின் உரிமத்துக்கு விண்ணப்பித்தோம். அதற்குக் கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று, பொதுக் கட்டடங்களுக்கு வட்டாட்சியர் தரும் படிவம் 'டி' உரிமம் எல்லாம் வேண்டும்.

சுகாதாரச் சான்றை முதலில் வாங்கியது எங்கள் தவறு. கட்டட உறுதிச் சான்றுக்காக மாதக்கணக்கில் ஓர் அலுவலகத்தின் படியேறி இறங்குவதற்குள் அது காலாவதியாகிவிட்டது. கோப்பு திரும்பி வந்தது. இனி விண்ணப்பிப்பவர்கள் கட்டடச் சான்றில் தொடங்குங்கள். குறுகிய காலம் மட்டுமே செல்லுபடியாகும் சான்றுகளைக் கடைசியில் வாங்குங்கள்.

தீயணைப்பு அதிகாரி கூடத்தை அதிகம் பார்க்கவில்லை. பின்கட்டில், கீற்றுக் கொட்டகைக்கு அடியில் எரிந்துகொண்டிருந்த எங்கள் அடுப்பின் முன் நின்றுவிட்டார். "கும்பகோணம் மறந்துவிட்டதா அம்மா?" என்று கேட்டார். 2004இல் அங்கே 94 குழந்தைகளைப் பலிகொண்ட தீ, சமையல் கூடத்தின் கீற்றிலிருந்துதான் பரவியது. எனக்குப் பேச்சு வரவில்லை. மறுநாளே கீற்றைப் பிரித்துத் தகரம் போட்டோம்.

ஆனால் அந்த 50 சதுர அடிக் கணக்கில் எனக்குக் கோபம் இருந்தது. நகர்ப்புற வீடற்றோர் காப்பகத் திட்டத்தின் வழிகாட்டுதல் ஒருவருக்குக் குறைந்தது அவ்வளவு இடம் வேண்டும் என்கிறது. எங்கள் கூடம் 1,620 சதுர அடி. மிச்சம் ஒன்பது பேரை எந்தத் தெருவுக்கு அனுப்புவது?

பாய்களை அந்த அளவுக்குத் தள்ளிப் போட்டுப் பார்த்த இரவில்தான் எனக்கு உறைத்தது. இருமல்காரப் பாட்டியின் முகத்துக்கு நேரே அதுவரை ஒரு கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது. நடு இரவில் கழிப்பறைக்குப் போகிறவர் நான்கு பேரையாவது தாண்டிப் போயிருக்கிறார். இடமில்லாததை நாங்கள் இரக்கம் என்று நினைத்திருந்தோம்.

மாடியில் பழைய மேசை நாற்காலிகள் அடைத்துப் பூட்டிக் கிடந்த 400 சதுர அடி அறையைக் கேட்டு மனுக் கொடுத்தோம். மூன்றாவது மனுவுக்குச் சாவி கிடைத்தது. அங்கே எட்டுப் பேர்.

இப்போது வாசலில் மாட்டியிருக்கும் உரிமத்தில் 40 என்று இருக்கிறது. பத்து மணிக்கு மேல் காவலர்கள் யாரையாவது அழைத்துவந்தால், வேறு காப்பகத்தில் இடம் கிடைக்கும்வரை அந்தப் பெண் என் அலுவலக அறையில் இருக்கிறார். கதவை மட்டும் சாத்துவதில்லை.